காவிரியில் விழுந்த என் இன்ஜின்

இன்று மண்டி மொஹல்லாவில், ஒரு கடை மாடியில் எங்கள் பொம்மை ரயில் குழு கூடியது.

ஆளுக்கொரு பலகையில் தண்டவாளமும் ஊரும் அமைத்து வர வேண்டும். பிறகு பலகைகளைச் சேர்த்து ரயில் விடுவோம். இருப்பது ஒரே விதி: பலகை ஓரத்தில் தண்டவாளம் நட்டநடுவில் முடிய வேண்டும்.

முரளி சார் ஸ்ரீரங்கப்பட்டணத்தையே செய்து வந்திருந்தார். கோபுரம், கரும்பு வயல், பளபளவென்று பிசினில் வார்த்த காவிரி. தண்டவாளம் மட்டும் இரண்டு விரல் தள்ளி முடிந்தது.

"நடுவுல கோயில் வந்துடுத்து. உங்க லைனைக் கொஞ்சம் வளைச்சுக்கோங்களேன்."

"சார், நான் மூணு மாசம் அளந்து போட்டது இது."

"அட்ஜஸ்ட் மாடி சார், கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க! ஜனங்க பாக்கறது சீனரியைத்தானே?"

கோபுரத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்த மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். புத்தி கெட்டுப்போய், கடைசித் துண்டைக் கழற்றி வளைத்துப் பூட்டினேன்.

முதல் ஓட்டத்திலேயே என் இன்ஜின் அந்த வளைவில் தடம்புரண்டு, அவருடைய காவிரியில் தலைகுப்புற விழுந்தது. அச்சு முறிந்துவிட்டது.

முரளி சார் பதறி ஓடிவந்தார். இன்ஜினை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, கைக்குட்டையால் ஆற்றைத் துடைத்தார்.

"ஐயோ, தண்ணில கீறல் விழுந்துடுத்தே!"

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வளைந்து கொடுத்த என்னை யாராவது நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போங்கள்.