பை கட்டிய புல்

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தேயிலை மலையை விட்டு இறங்கிக் கிளிநொச்சிப் பக்கம் வந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு கமக்காரர், தம் வயலோரத்தில் எங்களுக்குக் குடிசை போட இடம் தந்தார். என் வீட்டுக்காரரும் நானும் அவருடைய வயலில்தான் வேலை செய்தோம். நல்ல மனிதர். ஆனாலும் அவர் முகம் கொஞ்சம் கறுத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

மலையில் நான் பங்களாத் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றியவள். அங்கே அழகுக்கென்று ஒரு புல் வளர்த்தார்கள். பெயர் தெரியாது. முழங்கால் உயரம் வளர்ந்து, அணில் வால் போல வெள்ளைக் கதிர் விட்டு, அதோடு காய்ந்துவிடும். விதை எடுத்துத்தான் மறுபடி போட வேண்டும். கிளம்பிய அன்று ஒரு பிடி விதையை முந்தானையில் முடிந்துகொண்டேன். சட்டி பானையை விட்டுவிட்டுப் புல் விதையைத் தூக்கி வந்தவள் என்று வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சிரித்தவரே அதைக் கெடுக்கவும் பார்த்தார். புதிதாக நெல் வேலை பழகிய உற்சாகத்தில், விதை நெல்லைப் போல ஊறவைத்து ஈரச் சாக்கில் கட்டிவிட்டார். பெரும்பகுதி அழுகிப்போனது. மிஞ்சியதை நான் மண்மேல் தூவி, மூடாமல், உள்ளங்கையால் தட்டிவிட்டேன். நூல் நூலாக முளைத்தது.

ஐப்பசியில் கதிர் வந்த நேரம் கமக்காரர் வேலியருகே வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, புல்லை நட்டு வளக்கிறியோ?"

"அழகுக்குங்கய்யா."

"நாங்கள் வயலுக்கை புல்லோட மல்லுக்கட்டிறம். இதின்ர விதை பறந்து வந்தா ஆர் பிடுங்கிறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கோ அது விளையாட்டாகப் படவில்லை. இந்த இடமும் போனால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? புல்லைப் பிடுங்கி எறியவும் மனம் வரவில்லை. பழைய ரவிக்கைத் துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்து, ஒவ்வொரு கதிரின் தலையிலும் போட்டுக் கட்டினேன். விதை உள்ளேயே முற்றட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

மழை பிடித்தது. வாடைக்காற்றில் ஒரு பை கிழிந்து பறந்துவிட்டது. பார்த்தால் அந்தக் கதிர் மொட்டையாக நின்றது. அன்றோடு என் தூக்கம் போயிற்று.

கார்த்திகையில் களை பிடுங்க இறங்கினோம். தேயிலைக் கொழுந்தென்றால் கண்ணை மூடிக்கொண்டு கிள்ளுவேன். நெல்லையும் புல்லையும் பிரித்துப் பார்க்க எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. பயந்த கண்ணுக்கு எல்லாமே என் புல்லாகத் தெரிந்தது. பிடுங்கிப் பிடுங்கிச் சேற்றில் மிதித்துக்கொண்டே போனேன்.

"என்ன பிள்ளை செய்யிறாய்? அது நெல்லெல்லே!"

வரப்பில் கமக்காரர் நின்றார். திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு வயல் வெறுமையாகக் கிடந்தது. அப்படியே உடைந்து அழுதேன். பை கிழிந்ததை, விதை பறந்ததை, எங்களை இடத்தை விட்டு எழுப்பிவிடுவார் என்று பயந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன்.

அவர் வரப்பிலிருந்து இறங்கி வந்தார்.

"விசர்ப் பிள்ளை. அது மேட்டுப் புல்லு. இந்தத் தண்ணிக்கை நிண்டா அழுகிப்போடும். நான் பகிடிக்குச் சொன்னது. ஒரு புல்லுக்காக ஆரையும் எழுப்புவனோ? போய் அந்தப் பையளை அவிட்டுவிடு."

ஓடினேன். ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். மழை ஈரம் துணிக்குள் நின்று கதிர்கள் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தன. விரலில் பிசைந்தால் மாவாக உதிர்ந்தது. ஒரு விதைகூடத் தேறவில்லை. மலையிலிருந்து நான் கொண்டுவந்தது அவ்வளவுதான்.

மறுநாளும் களைக்குப் போனேன். வயலுக்குள் இறங்காமல் வரப்பு வரப்பாகக் குனிந்து நடந்தேன்.

"இன்னும் பயமோ பிள்ளை?" என்றார் கமக்காரர்.

"இல்லீங்கய்யா" என்றேன். "பறந்துபோனதில ஒண்ணாவது மொளைச்சிருக்கான்னு தேடுறேங்க."