ஸ்தோத்திரம் அக்காவின் இரண்டாவது சாட்சி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. விரிப்பில் ரத்தக்கறை போனால் ஸ்தோத்திரம், போகாவிட்டாலும் ஸ்தோத்திரம் என்று மூச்சுக்கு மூச்சு சொல்லியே ‘ஸ்தோத்திரம் அக்கா’ ஆகிவிட்டாள். கணவர் இறந்து ஏழு மாதமாக அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

“என்னக்கா, மேல லைன் கட்டா? ஒரு ஸ்தோத்திரம்கூட காதுல விழலையே!” என்பான் கொதிகலன்காரன், நீராவிக்கு நடுவிலிருந்து.

“உன் அடுப்பைப் பாருப்பா. இங்க ஆறினது ஆறினதுதான்.”

கணவருக்கு நெஞ்சுவலி இருந்தது. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒன்று. கூடவே அவளுடைய ஜெபம். இரண்டு மாதம் வலியே இல்லை. ஞாயிறு ஆராதனையில், பாட்டு முடிந்து சாட்சி சொல்லும் நேரத்தில், மைக்கைப் பிடித்து, “ஆண்டவர் என் வீட்டுக்காரரை முழுசா சுகமாக்கிட்டார்” என்றாள். சபையே கைதட்டியது.

வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவைப் பார்த்தபோதுதான் மனம் உறுத்தியது. சுகமானவருக்கு மாத்திரை எதற்கு? அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு இதைக் கொடுத்தால் ஆண்டவரையே பொய்யராக்கியது போல ஆகாதா? யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை, போதகர்கூட. அவளாகவே டப்பாவைக் குப்பையில் போட்டாள்.

“நீ சொன்னா சரிதான்” என்று கணவர் சிரித்தார். நான்காவது வாரம் சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சரிந்து விழுந்தார்.

கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று சபை ஆறுதல் சொன்னது. டப்பாவைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. அதன் பிறகும் ஞாயிறு தவறாமல் போய்க் கதவோர நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெபிக்கக் கண்ணை மூடினால் கேள்விதான் வரும். நீர் இருக்கிறீரா? இருந்தால் அன்றைக்கு என் கையைப் பிடித்திருக்கக் கூடாதா? பதில் வந்ததில்லை. ஆனால் இதைப் போய்க் கேட்க அவளுக்கு வேறு ஆளும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லத் தையல்காரி எழுந்தாள். பக்கத்தில் எட்டு வயது மகள்.

“என் பிள்ளைக்குக் கடைசியா வலிப்பு வந்து நாற்பது நாளாச்சு. ஆண்டவர் சுகம் தந்துட்டார். இனிமே மாத்திரை கிடையாது!” பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினாள். கைதட்டல் எழுந்தது. பழக்கதோஷத்தில் அக்காவின் கைகளும் சேர்ந்தன. சேர்ந்த கைகளில் சோப்பு நுரை ஈரமாக ஒட்டியது போலிருந்தது.

எழுந்துவிட்டாள்.

“மாத்திரையை நிறுத்தாதம்மா.”

போதகர் திரும்பினார். “அக்கா, அப்புறம் பேசலாமே.”

“அப்புறம் பேசினா நேரமாயிடும் ஐயா. நானும் இங்க நின்னுதான் சொன்னேன். சொல்லிட்டுப் போய் அவர் மாத்திரையைக் குப்பையில போட்டேன். ஆண்டவர் கேக்கல, நானாப் போட்டேன். கொன்னுட்டேன்.”

கைதட்டல் அறுந்து நின்றது. “அவிசுவாசம்” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“என் பிள்ளைக்குச் சாபம் விடுறியா?” தையல்காரி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இல்லம்மா. மாத்திரையை நீ கொடு. ஜெபத்தை நான் பண்றேன். ரெண்டும் இருக்கட்டும்.”

அக்காவின் பக்கத்து நாற்காலிக்காரி பையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். அக்கா அங்கேயே தரையில் முழங்காலிட்டாள். ஏழு மாதத்தில் முதல் முறையாகக் கேள்வி கேட்காமல், அந்தப் பிள்ளையைக் காப்பாற்றும் என்று மட்டும் கேட்டாள். மேலே யாராவது இருக்கிறார்களா என்பது அப்போதும் தெரியவில்லை. தெரியாமலேதான் கேட்டாள்.

முடித்தபோது யாரும் ஆமென் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தாள். தையல்காரி அவள் முகத்தைப் பார்க்காமல், கசங்கிய மாத்திரை அட்டையை நீவிப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள்.