கிணற்றடியில் பின்னிய விரல்கள்

சூலூர்ப் பக்கம் கரண்டு வந்த புதிது. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ஓடிய நாளை நினைத்தால் இன்றும் எனக்குத் துள்ளத் தோன்றுகிறது! அப்போது நான் புது மருமகள். மோட்டார் மாட்ட வந்து, சுவிட்சில் கைவைத்த பம்பாய் எஞ்சினியர், மறுகையில் இரண்டு விரல்களைப் பின்னிக் காட்டி, “ஃபிங்கர்ஸ் கிராஸ்டு!” என்றார்.

“என்னங்கறாரு அம்மணி?” என்று மாமனார் என்னைக் கேட்டார்.

“காரியம் நல்லபடியா நடக்கோணும்னு வேண்டிக்கறப்ப இங்கிலீசுல அப்படிச் சொல்லுவாங்க மாமா. வெரலையும் பின்னிக்குவாங்க.”

உடனே கிணற்றைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் விரலைப் பின்னிக்கொண்டார்கள். மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் பீறிட்டது! எல்லோரும் கைதட்டினார்கள். மாமியார் மட்டும் விரலைப் பிரிக்கவில்லை.

“அதான் தண்ணி வந்துருச்சுங்களே அத்தை?”

“நீ டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கறயே கண்ணு, அதுக்கு.”

அவருக்குத் தெரியாமல் எழுதிப் போட்டதாகத்தான் அதுவரை நான் நினைத்திருந்தேன்.