கடைசி வரிசைக்குக் கேட்கிறதா

எங்கள் பகுதிக்கு முப்பத்திரண்டு வருடம் மைக் செட் போட்டவரை எல்லோரும் ஹலோ அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வாழ்நாளில் அவர் மைக்கில் பேசியது அந்த ஒரு வார்த்தையைத்தான். இரண்டு தரம் ஹலோ சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். அதற்குப் பிறகு மேடையேறுகிற ஆசாமிகள் கழுத்தறுப்பதை ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் கேட்பது அவர் தலையெழுத்து. அந்த ஆசாமிகளில் நானும் ஒருவன். குடியிருப்போர் சங்கத்துக்குப் பதினோரு வருடமாகச் செயலாளர். பதவிதான் பெரிசு, வேலை நாற்காலி எண்ணுவது.

அவருக்கு உதவிக்கு ஆள் கிடையாது, அண்ணிதான். இவர் மேடையில் ஹலோ சொல்லும்போது அண்ணி கூடத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நிற்பார். தெளிவாகக் கேட்டால் கையைத் தூக்குவார். தூக்கவில்லையென்றால் அண்ணன் இறங்கி வந்து பெட்டியில் சத்தத்துக்கான திருகைத் திருகிவிட்டு, மறுபடி மேடையேறி முதலிலிருந்து ஆரம்பிப்பார். "முன்னாடி உக்காந்திருக்கிறவனுக்கு மைக்கே வேணாம். பின்னாடி நிக்கிறவளுக்குத்தான் மைக்கு" என்பார் அண்ணி. சங்கத் தலைவர் வந்து குதித்தாலும் சரி, அந்தக் கை தூக்காமல் ஒரு கூட்டமும் ஆரம்பித்ததில்லை.

அண்ணி போய் இரண்டு வருடமாகிறது. இப்போதெல்லாம் ஒரு சின்ன ரேடியோவை மைக் முன்னால் பாடவிட்டு, அவரே கடைசி வரிசைக்கு நடந்து போய்க் கேட்டுவிட்டு வருகிறார். ஒரு கூட்டத்துக்கு நாலைந்து நடை. அதைப் பார்க்கவே எனக்கு என்னவோ போலிருக்கும். ஆனாலும் "நான் போய் நிக்கிறேன் அண்ணே" என்று ஒரு நாள்கூட வாயைத் திறந்ததில்லை. நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேனாம், பெரிய வேலை.

இந்த வருடம் பகுதிக்கு உழைத்த நாலு பேருக்குக் கேடயம் கொடுப்பதென்று சங்கம் முடிவெடுத்தது. அண்ணன் பெயரை நான்தான் சண்டை போட்டுச் சேர்த்தேன். "அவரு தொழிலைத்தானே செஞ்சாரு" என்று முனகினார் தலைவர். "நீங்க பேசுனது அத்தனை பேருக்கும் கேட்டது யாராலயாம்?" என்றேன். அடங்கிவிட்டார்.

சொல்லப் போனபோது அண்ணன் வீட்டில் தனியாக உட்கார்ந்து வயர் முனையைச் சீவிக்கொண்டிருந்தார். கட்டில் முழுக்க வயர்ச் சுருள். ஓர் ஆள் படுக்க மட்டும் இடம் விட்டிருந்தார்.

"அன்னைக்கு மைக் செட் யாரு போடுறா?" அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"வேற யாரு, நீங்கதான்."

சிரித்தார். வயரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஒரு நிமிஷம் குடுப்பியா தம்பி? உங்க அண்ணியைப் பத்தி நாலு வார்த்தை சொல்லணும். இத்தனை வருஷம் பின்னாடியே நின்னா. அவ நின்னது யாருக்கும் தெரியாது" என்றார்.

"ஒண்ணு என்னண்ணே, ரெண்டு நிமிஷமே பேசுங்க" என்று தாராளமாக அள்ளிவிட்டேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை. மழமழவென்று சவரம் செய்து, சட்டைப் பையில் மடித்த காகிதத்தோடு வந்திருந்தார். முதல் ஆளாக அவரைத்தான் கூப்பிட்டேன். தலைவர் கேடயத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு கையில் மைக்கோடு மறு கையை அவர் தோளில் போட்டுக்கொண்டார். போட்டோக்காரர் "இப்படித் திரும்புங்க சார்" என்றதும், அண்ணனையும் இழுத்துக்கொண்டு ஒலிபெருக்கிக்கு நேர் எதிரில் போய் நின்றார். அங்கே மட்டும் மைக்கைக் கொண்டுபோகாதீர்கள் என்று அண்ணன் சொல்லாத கூட்டமில்லை. கீயென்று கூடமே காதைப் பொத்திக்கொள்ளும்படி அலறியது. பெட்டியைப் பார்க்க ஆளில்லை. பார்க்கவேண்டியவர் மேடையில் அல்லவா நின்றார்.

யாரும் சொல்லவில்லை. அண்ணனே கேடயத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினார். அவர் திருகைத் திருகியதும் சத்தம் நின்றது. கேடயத்துக்கு விழாத கைதட்டல் அதற்கு விழுந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அண்ணன் திரும்பிவந்து முதல் படியில் கால் வைத்திருந்தார். நான் அடுத்த பெயரைப் படித்தேன். அவர் வருவது தெரியாமல் படித்தேன் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். தெரிந்தேதான் படித்தேன்.

அடுத்து வந்த நர்ஸம்மாவுக்குப் பூனைக் குரல். ஒன்பது நிமிடம் பேசினார். அண்ணன் திருகிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் எல்லோருக்கும் கேட்க வைத்தார்.

வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தால், என் காகிதங்களோடு அவர் கேடயமும் கிடந்தது. திரும்ப ஓடி, கூடத்தின் பின்கதவு வழியாக நுழைந்தேன். நாற்காலிகள் காலி. பின்பக்க விளக்கையெல்லாம் அணைத்திருந்தார்கள். அண்ணன் மட்டும் மேடையில் மைக் முன்னால், மூக்குக்கண்ணாடியோடு காகிதத்தை விரித்துப் பிடித்து நின்றார். நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை.

"ஹலோ" என்றார். "இந்தப் பரிசுல பாதி என் வீட்டுக்காரிக்கு. அவ ஒரு நாளும் உக்காந்து கூட்டம் பார்த்ததில்ல. நின்னே கேட்டா. அவளுக்குக் கேட்டதாலதான் உங்களுக்கெல்லாம் கேட்டுச்சு."

அவ்வளவுதான். அரை நிமிடம்கூட இல்லை. இதற்குத்தான் எனக்கு நேரமில்லாமல் போயிருக்கிறது. செத்துப் போகலாமென்று இருந்தது.

காகிதத்தை மடித்தார். ஆனால் இறங்கவில்லை. கடைசி வரிசைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கேடயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பாதி தூக்கினேன். அண்ணி நின்ற இடத்தில் நின்று நான் எந்த முகத்தோடு தூக்குவது? இறக்கிவிட்டேன்.

அண்ணன் மேடையிலிருந்து இறங்கி வந்து, திருகைக் கொஞ்சம் திருகிவிட்டு, மறுபடி ஏறினார். காகிதத்தை விரித்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.