பெருந்தீனிக்காரி

செங்கமலத்தைப் புருஷன் வீட்டார் தீர்த்துவிட்டதற்குப் பஞ்சாயத்தில் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான். "இவ திங்கிற சோறு ரெண்டு ஆம்பளைக்குக் காணும்" என்றாள் மாமியார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. புருஷன்காரனும் சேர்ந்து சிரித்தான். தீர்த்துவிட்டதற்கு அடையாளமாகத் துரும்பைக் கிள்ளிப் போட்டு, தாலியைத் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வேறு குற்றம் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். இது உண்மையாயிற்றே, என்னவென்று வாய் திறப்பது? நாள் முழுக்க மாடாய் உழைக்கிற உடம்புக்குப் பசிக்காதா என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு நாதியில்லை.

அது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில். அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அன்றிலிருந்து, "போதும் மதினி" என்று அரை வயிற்றோடு எழுந்தாள். பிறகு பொன்னமராவதியில் ரத்தினவேலின் கிளப்புக்கடைக்குச் சமைக்கப் போனாள். அவர் மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். அங்கே அவளுக்கே தெரியாதிருந்த கைப்பக்குவம் வெளிப்பட்டது. அவள் வைக்கும் புளிக்குழம்புக்காகவே சந்தைக்கு வருகிறவர்கள் கடையைத் தேடி வந்தார்கள். ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டவள், தான் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கை கழுவிவிடுவாள்.

ஒருநாள் ரத்தினவேல் தயங்கித் தயங்கி, "என்னையக் கட்டிக்கிறியா?" என்று கேட்டார். அவளுக்கும் ஆசைதான். ஆனால் தீர்த்துவிட்ட காரணம் தெரிந்தால்? "யோசிச்சுச் சொல்றேங்க" என்று நழுவினாள்.

மறுவாரம் சாப்பிட வந்த பழைய புருஷனின் சித்தப்பா ஆண்டிச்சாமி அவளைப் பார்த்துவிட்டார். "ஏப்பா, இந்தப் பெருந்தீனிக்காரியவா அடுப்படியில விட்டுருக்க? ஒங்கடை அம்புட்டுத்தான்!" என்று கத்தினார். கடையே சிரித்தது. கரண்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறமாக ஓடியவள் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

ரத்தினவேல் அவளைத் தேடி அவளுடைய அண்ணன் வீட்டுக்கே வந்தார்.

"அவரு சொன்னது பொய்யில்லீங்க. எனக்குப் பசி சாஸ்தி" என்றாள் செங்கமலம் கதவுக்குப் பின்னாலிருந்து. அதைச் சொல்வதற்குள் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"தெரியும். சோத்துப்பானையை நீ பாக்குற பார்வையைத்தான் தெனமும் பாக்குறேனே. நீ வயிறு நெறையத் தின்னு ஒருநாளாச்சும் பாக்கணும் எனக்கு."

கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு கடைக்கு வந்ததும் அவளை உட்காரவைத்து அவரே பரிமாறினார். சுற்றிலும் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் சோறு தீர்ந்ததும் வழக்கம்போல எழப் போனாள். அவர் சோற்றுச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல் வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. தலை நிமிராமலே, "இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க" என்றாள்.