ஆமை இல்லை என்று எழுதியவன்

எழுபதுகளின் கடைசியில், சங்ககிரி லாரி ஆபீஸ் குமாஸ்தா வேலையை உதறிவிட்டு, இறால் கப்பலில் வலையில் சிக்கும் ஆமைகளைப் பார்த்து எண்ணி நோட்டில் எழுதும் வேலைக்குப் போனேன். முதல் லீவில் பழைய ஆபீசுக்கு வந்து ஒரே பீற்றல்.

அங்கிருந்த டிரைவர் கேட்டார்: "ஏனுங்க, ஆமையவாச்சும் எந்திரிச்சுப் போய்ப் பாக்கறீங்களா? இங்க லோடப் பாக்காமயேதான எழுதுவீங்க?"

"கடலையே பாக்காத ஆளெல்லாம் பேச வந்துட்டீங்களாக்கும்!" என்று எகத்தாளமாகச் சிரித்தேன்.

உண்மையில், கப்பலேறிய நாளிலிருந்து வாந்தியோடு கட்டிலில் சுருண்டு கிடந்தபடியே, தினமும் 'ஆமை இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். வேலை மாறியும் புத்தி மாறாத சோம்பேறி நான்.

டிரைவர் கேட்டது உறுத்த, கப்பலுக்குத் திரும்பிப் போனதும் முதன்முறையாக மேல்தளத்தில் போய் நின்றேன். வலையைக் கொட்டினார்கள். இறாலுக்கு நடுவே, வலைக்குள் மூச்சுமுட்டிச் செத்துக் கழுத்துத் தொங்கிய ஐந்து ஆமைகள்.

"தினமும் இப்படித்தான் சார்" என்றார் வலை இழுத்த மீனவர்.

என் நோட்டில் அதுவரை ஓர் ஆமைகூடச் செத்ததில்லை.