அரைக்கம்பமும் மூன்று ஊசிகளும்

இரண்டு மாதம் முன்பு, ஞாயிறு பூசையில் சிலுவை அடையாளம் போடக் கையைத் தூக்கினேன். நெற்றிக்குப் போக வேண்டிய கை மோவாயோடு நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற என் மனைவி ஸ்டெல்லா கிசுகிசுத்தாள்:

"இன்னாங்க, சாமியாண்ட வந்து ஷேவிங் பண்ணிக்கினு கீறீங்க?"

விழுப்புரத்தில் எலும்பு டாக்டரம்மா பார்த்துவிட்டு, 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்றார். தோள் உறைந்துவிட்டதாம். திண்டிவனம் வெயிலில்!

"தானாவே சரியாகும். ஆனா வருஷக்கணக்குல இழுக்கலாம். சீக்கிரம் வேணும்னா ஊசி. மூணு வகை இருக்கு, யோசிச்சிட்டு வாங்க."

எனக்கு ஏது வருஷக்கணக்கு? கிளியனூர் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவில் இந்த வருடம் கொடியேற்றும் முறை எங்கள் குடும்பத்துக்கு. கயிற்றை ஒருவரே இழுக்க வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. பல வருடம் முன்பு பெரியப்பா மகன் ஆரோக்கியசாமி அண்ணன் பாதியில் நின்றுவிட்டார். அன்றிலிருந்து ஊருக்கே அவர் 'அரைக்கம்பம்'தான். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான்... அடியேன்தான்!

இப்போது புரிகிறதா என் பயம்?

செல்போன் வாங்குகிறவன் மாதிரி நோட்டில் கட்டம் போட்டேன். ஸ்டீராய்டு, ரத்த ஊசி, மூட்டு உறையை விரிக்கிற உப்புத் தண்ணீர் ஊசி. வலி எவ்வளவு, பலன் எப்போது, ஊசி எத்தனை நீளம் — கடைசிக் கட்டத்தின் கீழ் மட்டும் இரண்டு கோடு. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற காலை ரயிலில் ஒவ்வொருவராக விசாரித்தேன்.

"ஊசி போடப் போறியா, பைக் வாங்கப் போறியா?" என்றார் ஜன்னலோரப் பெரியவர்.

அப்போதுதான் சிக்கினார் ஏழுமலை. விழுப்புரம் ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுபவர். இடது தோளில் ஸ்டீராய்டு, இரண்டு வருடம் கழித்து வலது தோளில் ரத்த ஊசி. ஒரே உடம்பில் இரண்டு மாடல்!

"லெப்ட்டுல ஜல்தியா வலி வுட்டுச்சி சார். ரைட்டுக்கு நம்ம ரத்தத்தையே எடுத்து, மிஷின்ல சுத்தி, திருப்பி ஏத்தனாங்க. அது மெதுவா."

"இப்ப எந்தக் கை பெஸ்ட்டு? தூக்குங்க பார்ப்போம்!"

இரண்டு கையும் லக்கேஜ் பலகைவரை ஒன்றாகப் போயின. நோட்டில் 'டிரா' என்று எழுதினேன்.

"இன்னா சார் எழுதிக்கினு கீறீங்க? ரெண்டுக்கும் தெனம் எக்சர்சைஸ் பண்ணேன், அத எழுதுங்க. பட்டுப் பொடவை மேல் தட்டுலதான கீது?"

அதற்குக் கட்டம் போடவில்லையே!

டாக்டரம்மாவிடம் நோட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "சுகர் எவ்ளோ?" என்றார்.

அதற்கும் கட்டம் இல்லை. பார்த்தே பல மாதம் ஆகிறது.

சுகர் டெஸ்ட் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். கொஞ்சம் மேலே, ஆனால் கைமீறவில்லை. "ஸ்டீராய்டு போட்டா சில நாள் சுகர் ஏறும், தெனமும் பாருங்க. உங்களுக்கு வலியச் சீக்கிரம் கொறைக்கணும், அதுக்கு இதுதான் சரி. வலி கொறைஞ்சதும் எக்சர்சைஸ். அத விட்டீங்கன்னா எந்த ஊசியும் வேஸ்ட்."

"இயேசுவே!" என்று நான் போட்ட சத்தத்தில், வெளியே காத்திருந்த ஒருவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டாராம். ஸ்டெல்லா சொன்னாள். ஊசி? எறும்பு கொஞ்சம் கோபமாகக் கடித்தது மாதிரி... அவ்வளவுதான்.

பிறகு தினமும் சமையலறைச் சுவரில் பல்லிக்குப் போட்டியாக விரல்களை நடத்தினேன். வாராவாரம் ஸ்டெல்லா பென்சிலால் கோடு போட்டாள் — வளர்கிற பிள்ளைக்கு உயரம் பார்ப்பது போல.

போன வெள்ளிக்கிழமை கொடியேற்றம். பங்குச் சாமியார் கொடியை மந்திரித்துக் கொடுத்தார். இழுத்தேன். பாதிக் கம்பத்தில் தோள் சுளீர் என்றது. கூட்டத்தில் முதல் வரிசையில் ஆரோக்கியசாமி அண்ணன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். கொடி உச்சிக்குப் போய் விரிந்தது. வேட்டு!

கொடிமேடையிலிருந்து இறங்கி வந்தவனின் தோளை அண்ணன் தடவிக் கொடுத்தார். பழிவாங்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஊசி போட்டுக்கினியாமே... ஸ்டெல்லா சொல்லிச்சி. அன்னிக்கி எனக்கும் இதே மாதிரிதான்டா. ஒரு வருசம் சட்டகூட போட முடியல. இன்னா நோவுன்னே தெரியல, யார்கிட்ட சொல்றது?"

சிலுவை போட்டுக்கொண்டேன். கை நெற்றிவரை போனது.

அவர் நோய்க்குப் பெயர் தெரியாத ஊரில், அவருக்குப் பெயர் வைக்க மட்டும் ஒருவன் இருந்திருக்கிறான்!